சோங் தொக்-கி

சோங் தொக்-கி (ஜனவரி 19, 1893 – ஜூலை 1987) கொரியாவின் மரபுவழித் தற்காப்புக் கலைகளுள் ஒன்றான டேக்கியோன் கலையின் ஆசான் ஆவார். ஹியோனாம் என்பது இவரது புனைபெயர். ஜோசொன் அரச மரபின் இறுதிக் காலத்தில் டேக்கியோனை முறையாகக் கற்று, அதனை 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த மாணவர்களுக்குக் கற்பித்த கடைசி ஆசான் இவரே என்று பரவலாகக் கருதப்படுகிறது. 1983 ஆம் ஆண்டு தென்கொரிய அரசு டேக்கியோனை முக்கிய அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தபோது, அதன் உரிமையாளர்களாக ஏற்கப்பட்ட இருவருள் இவரும் ஒருவர். இன்று டேக்கியோன் பயிலும் முதன்மையான அமைப்புகள் அனைத்தும் தம் ஆசிரியர் வரிசையை இவரிடமிருந்தே தொடங்குகின்றன.

பிறப்பும் ஊரும்

சோங் தொக்-கி சியோல் நகரின் சாஜிக்-டோங் பகுதியில் 1893 ஆம் ஆண்டு பிறந்தார். அப்போது கொரியாவை ஜோசொன் மரபைச் சேர்ந்த அரசர் கோஜோங் ஆண்டு வந்தார். சாஜிக்-டோங், நகரின் மேற்கே உள்ள இன்வாங் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. நிலத்தின் தெய்வத்துக்கும் தானியத்தின் தெய்வத்துக்கும் அரசர்கள் வழிபாடு செய்த சாஜிக் பலிபீடம் இங்கு இருந்ததால் இப்பகுதிக்கு இப்பெயர் வந்தது. அரண்மனைக்கு அருகிலிருந்த இந்த மேட்டுப் பகுதியை மக்கள் மேலூர் என்னும் பொருள்பட உத்டே என்று அழைத்தனர். நகரின் தாழ்ந்த பகுதி அரேத்டே எனப்பட்டது. இவ்விரு பகுதிகளின் இளைஞர்களுக்கும் இடையே விளையாட்டுகளில் போட்டி நிலவியது. அவ்விளையாட்டுகளுள் டேக்கியோனும் ஒன்று.

தம் நீண்ட வாழ்நாளின் பெரும்பகுதியை சோங் இதே பகுதியில்தான் கழித்தார். அவரைத் தேடி வந்த ஆய்வாளர்களும் மாணவர்களும் இன்வாங் மலையடிவாரத்துக்கே வந்து அவரைச் சந்தித்தனர்.

அக்கால டேக்கியோன்

சோங் பிறந்த காலத்தில் டேக்கியோன், பள்ளி கட்டி, கட்டணம் பெற்றுக் கற்பிக்கப்படும் கலையாக இருக்கவில்லை. அது ஊர் இளைஞர்கள் திறந்த வெளியில் ஆடிய ஆட்டமாக இருந்தது. வசந்த காலத்தின் முடிவில் வரும் டானோ திருவிழாவின்போது போட்டிகள் சிறப்பாக நடைபெற்றன. முதலில் சிறுவர்கள் ஆடுவர். பின்னர் பெரியவர்கள் களத்தில் இறங்குவர். ஓர் ஊர் மற்றோர் ஊருடன் மோதும் குழுப் போட்டிக்கு கியொல்லியொன் டேக்கியோன் என்று பெயர். அதில் வென்றவர் களத்திலேயே நிற்பார். தோற்ற ஊரிலிருந்து அடுத்த ஆள் அவரை எதிர்க்க வருவார். ஒரு பக்கத்தில் ஆட்கள் தீரும் வரை ஆட்டம் தொடரும்.

இக்கலை பற்றிய பழைய சான்றுகள் குறைவாகவே உள்ளன. 1798 ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட ஜேமுல்போ என்னும் அகராதி நூலில் இதன் பெயர் காணப்படுகிறது. ஓவியர் யூ சுக் 1846 இல் வரைந்ததாகக் கருதப்படும் டேக்வேடோ என்ற ஓவியத்தில், நகர மதிலுக்கு வெளியே கூடியுள்ள மக்கள் நடுவில் ஓர் இணை சிருயும் எனப்படும் கொரிய மல்யுத்தத்திலும், மற்றோர் இணை டேக்கியோனிலும் ஈடுபட்டுள்ளனர். அமெரிக்க இனவரைவியலாளர் ஸ்டூவர்ட் கூலின் 1895 இல் வெளியிட்ட கொரிய விளையாட்டுகள் பற்றிய நூலில், இதனைக் காலால் உதைத்து ஆடும் ஆட்டமாகக் குறிப்பிட்டு, பிரான்சு நாட்டின் சவாட் என்னும் உதைச் சண்டையுடன் ஒப்பிட்டுள்ளார். அந்நூல் வெளிவந்தபோது சோங் இரண்டு வயதுக் குழந்தை.

டேக்கியோனுக்கு எப்போதும் நற்பெயரே இருந்தது என்று கூற இயலாது. சோய் யோங்-நியோன் தொகுத்து 1925 இல் வெளிவந்த ஹேடோங் ஜுக்ஜி என்னும் நூல், இவ்வாட்டத்தின் வழியே சிலர் பழிதீர்த்துக் கொண்டதாகவும், பெண்களைக் கவரும் பந்தயமாகவும் இது ஆடப்பட்டதாகவும், அதனால் அதிகாரிகள் இதனைத் தடை செய்ததாகவும் கூறுகிறது. பந்தயமும் தெருச் சண்டையும் கலந்த ஆட்டம் என்ற எண்ணம் மேல்தட்டுக் குடும்பங்களில் இருந்தது. ஆகவே இதன் நுட்பங்களை எழுதி வைக்க எவரும் முன்வரவில்லை. ஆடுபவரின் உடலில் மட்டுமே இக்கலை வாழ்ந்தது. அந்த உடல்கள் மறைந்தால் கலையும் மறையும் என்ற நிலை இதனால் உருவானது.

இம் ஹோவிடம் கற்றல்

சோங் ஏறத்தாழ பன்னிரண்டு வயதில் இம் ஹோ என்பவரிடம் டேக்கியோன் கற்கத் தொடங்கினார். இம் ஹோ உத்டே பகுதியில் பெயர் பெற்ற ஆசானாக விளங்கியவர். அவரைப் பற்றி இன்று தெரிந்தவற்றுள் பெரும்பாலானவை சோங் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவையே ஆகும்.

சோங் கற்கத் தொடங்கிய காலமும் கொரியா தன் விடுதலையை இழந்த காலமும் ஒன்றே. 1905 இல் கொரியா ஜப்பானின் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடாக்கப்பட்டது. 1907 இல் அரசர் கோஜோங் பதவியிலிருந்து இறக்கப்பட்டதுடன் கொரியப் படையும் கலைக்கப்பட்டது. 1910 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஜப்பானுடன் இணைக்கப்பட்டது. சோங்குக்கு அப்போது வயது பதினேழு. ஆசானிடம் கற்று முடித்த ஓர் இளைஞன் ஊர்த் திருவிழாக்களில் களமிறங்கிப் பெயர் பெற வேண்டிய வயதில், அத்திருவிழாக் கூட்டங்களே அருகத் தொடங்கின.

பயிற்சி முறைகள்

சோங் கற்றதும் பின்னர் கற்பித்ததும் ஆகிய டேக்கியோனின் அடிப்படை, பும்பல்கி எனப்படும் காலடி முறை ஆகும். பும் என்பது மூன்று சிறு கட்டங்களை இரண்டன் மேல் ஒன்றாக அடுக்கிய வடிவம் கொண்ட ஒரு சீன எழுத்தின் கொரிய ஒலிப்பு. பல்கி என்பது மிதித்தலைக் குறிக்கும். தரையில் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளைக் கற்பனை செய்து கொண்டு, அம்முனைகளைக் காலால் மாற்றி மாற்றி மிதிப்பதே இப்பயிற்சி. ஒரு கால் முன்முனைக்குச் சென்று திரும்பும். அடுத்து மறு கால் செல்லும்.

பார்ப்பதற்கு நடனம் போலத் தோன்றும் இந்நடையில் இரு அசைவுகள் முக்கியமானவை. முதலாவது, முழங்காலின் பின்மடிப்பைத் தளர்த்தி உடலைச் சற்றே கீழிறக்குவது. இது கும்சில் எனப்படும். இரண்டாவது, இடுப்பையும் அடிவயிற்றையும் முன்னோக்கி நெளித்து உடலை வில்போல் நிமிர்த்துவது. இது நுங்சொங் எனப்படும். இவ்விரண்டும் மாறி மாறி வரும்போது உடலின் எடை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு இடையறாது நகர்கிறது. எந்தக் கணத்திலும் எடையற்ற ஒரு கால் உதைப்பதற்கு ஆயத்தமாக இருக்கும். எதிராளிக்கோ எந்தக் கால் எப்போது எழும் என்பது தெரியாது. கொரிய நாட்டுப்புற இசையில் பெரிதும் பயிலும் மூன்றன் தாளக் கட்டுடன் இந்நடை பொருந்துவதாகக் கூறுவர்.

கால்கள் இவ்வாறு இயங்கும்போது கைகள் ஹ்வால்கேஜித் எனப்படும் முறையில் தளர்வாக வீசப்படுகின்றன. இவ்வீச்சு எதிராளியின் பார்வையைக் குலைக்கிறது. வரும் உதையைத் தட்டி விலக்குகிறது. உடலின் சமநிலையையும் காக்கிறது. பயிற்சியின்போது இக், ஏக் என்பன போன்ற ஒலிகள் எழுப்பப்படுகின்றன. அடிவயிற்றிலிருந்து எழும் இவ்வொலிகள் மூச்சை ஒழுங்கு செய்ய உதவுகின்றன.

தாக்கும் நுட்பங்களுள் கால்களைப் பயன்படுத்துபவையே மிகுதி. அவற்றுள் சில வருமாறு:

கியொத்சாகி – காலைப் பக்கவாட்டில் தூக்கி எதிராளியின் முகத்தில் உதைத்தல்.
பல்தாக்வி – உள்ளங்காலால் எதிராளியின் கன்னத்தில் அறைவது போல் அடித்தல்.
போக்ஜாங் ஜிருகி – உள்ளங்காலை எதிராளியின் மார்பில் வைத்துத் தள்ளுதல்.
தன்ஜுக் – எதிராளியின் காலைத் தன் காலால் அடித்து நிலைகுலையச் செய்தல்.
நாக்சிகொரி – தூண்டில் முள் போலக் காலை வளைத்து எதிராளியின் காலில் மாட்டி இழுத்தல்.
டுபல்நாங்சாங் – துள்ளி எழுந்து இரு கால்களாலும் அடுத்தடுத்து உதைத்தல்.

கைகள் பெரும்பாலும் பிடிப்பதற்கும் தள்ளுவதற்கும் பயன்படுகின்றன. எதிராளியின் பிடரியைப் பற்றி முன்னோக்கி இழுப்பது டொல்மிஜேபி எனப்படும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட பகுதியால் கழுத்தைத் தள்ளுவது கல்ஜேபி எனப்படும். கையால் ஒருவரது கவனத்தை மேலே ஈர்த்து, அதே வேளையில் கீழே காலை வாருவது டேக்கியோனில் அடிக்கடி காணப்படும் உத்தி.

போட்டி விதிகள் எளிமையானவை. ஒருவர் மற்றவரைக் கீழே விழச் செய்தாலோ, அவர் முகத்தில் காலால் உதைத்தாலோ வெற்றி பெறுவார். ஆடுபவர் தம் ஒரு காலை எதிராளிக்கு எட்டும் தொலைவில் முன்வைத்து நிற்க வேண்டும். இது டேஜொப் எனப்படும். இதனால் எவரும் விலகி ஓடிக்கொண்டே இருக்க முடியாது. குத்துவது போல் நேராகச் செலுத்தப்படும் உதைகள் காயம் விளைவிக்கும் என்பதால் ஆட்டத்தில் தவிர்க்கப்பட்டன. அவற்றுக்கு மாறாக, உடலில் காலைத் தொட்டு, பின்னர் விசையைச் செலுத்தித் தள்ளும் முறை பின்பற்றப்பட்டது. எதிரில் நிற்பவர் பக்கத்து ஊர்க்காரர் என்பதும், நாளையும் அவரைச் சந்தையில் காண வேண்டியிருக்கும் என்பதும் இவ்விதிகளின் பின்னணி ஆகும்.

இதற்கு அப்பால், உண்மையான சண்டைக்கு உரிய கடுமையான நுட்பங்களும் இருந்தன. முட்டி, கைவிளிம்பு, தலை முதலியவற்றால் தாக்கும் இவற்றை சோங் யெத்பொப், அதாவது பழைய முறை என்று அழைத்தார். இவை ஆட்டத்தில் அனுமதிக்கப்படவில்லை.

ஜப்பானிய ஆட்சிக் காலம்

1910 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில் டேக்கியோன் ஏறக்குறைய முற்றிலும் மறைந்தது. ஊர் மக்கள் பெருந்திரளாகக் கூடுவதை ஆட்சியாளர்கள் ஐயத்துடன் நோக்கினர். பள்ளிகளிலும் காவல் துறையிலும் ஜூடோ, கெண்டோ ஆகிய ஜப்பானியக் கலைகள் கற்பிக்கப்பட்டன. நகரம் விரிவடைந்து பழைய ஊர் எல்லைகள் அழிந்தபோது, ஊருக்கு ஊர் ஆடும் ஆட்டத்துக்குரிய சமூக அடித்தளமும் அழிந்தது. டேக்கியோன் ஆடியவர்கள் வேறு தொழில்களுக்குச் சென்றனர். பலர் தாம் கற்றதை எவருக்கும் சொல்லாமலே முதுமையடைந்தனர்.

சோங்கும் இக்காலத்தில் டேக்கியோன் ஆசானாக வாழவில்லை. 1907 இன் படைக் கலைப்புக்குப் பின்னர் அரண்மனைக் காவலுக்காக எஞ்சியிருந்த ஜோசொன் காலாட்படைப் பிரிவில் இளமையில் பணியாற்றினார். கொரியாவில் புதிதாகப் பரவி வந்த கால்பந்தாட்டத்தில் ஈடுபட்டு, பௌத்த இளைஞர் சங்கத்தின் அணியில் ஆடினார். கால்வீச்சில் இளமை முதலே பழகிய ஒருவருக்கு இவ்விளையாட்டு அயலாக இருந்திருக்காது.

வில்வித்தையிலும் இவர் தேர்ந்தவர். சாஜிக்-டோங்கில் ஹ்வாங்ஹக்ஜொங் என்னும் வில்வித்தைக் களம் உள்ளது. 1899 இல் அரசர் கோஜோங்கின் ஆணைப்படி கியோங்ஹுய் அரண்மனை வளாகத்தில் கட்டப்பட்ட இது, அவ்வரண்மனை ஜப்பானியரால் சிதைக்கப்பட்டபோது 1922 இல் இன்வாங் மலையடிவாரத்துக்கு மாற்றப்பட்டது. சோங் நெடுங்காலம் இக்களத்துடன் தொடர்பு கொண்டிருந்தார். வில்வித்தைக்குக் களமும் சங்கமும் பெயர்ப் பதிவேடும் இருந்தன. ஆகவே அது அயலார் ஆட்சியையும் தாண்டி நின்றது. டேக்கியோனுக்கு அவை எவையும் இல்லை.

1958 ஆம் ஆண்டு விளக்கக் காட்சி

1945 இல் கொரியா விடுதலை பெற்றது. எனினும் நாடு இரண்டாகப் பிரிந்ததும், 1950 முதல் 1953 வரை நடந்த போரும் பழைய கலைகளைத் தேடுவதற்கு இடம் தரவில்லை. 1958 மார்ச் 26 அன்று தென்கொரியக் குடியரசுத் தலைவர் சிங்மன் ரீயின் 83 ஆவது பிறந்தநாளையொட்டி நடந்த காவல் துறைத் தற்காப்புக் கலை நிகழ்ச்சியில் சோங் டேக்கியோனை நிகழ்த்திக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 65. டேக்கியோனைத் தனியே நிகழ்த்திக் காட்ட இயலாது. எதிரே ஆடுவதற்கு அதனை அறிந்த மற்றொருவர் தேவை. அத்தகைய ஒருவரைக் கண்டறிவதே அரிதாக இருந்த காலம் அது.

இந்நிகழ்ச்சிக்குப் பிறகு சோங்கின் பெயர் தற்காப்புக் கலை வட்டாரங்களில் பரவியது. பண்பாட்டு ஆர்வலரும் இதழாளருமான யே யோங்-ஹே, கொரியாவின் மரபுக் கலைஞர்களைத் தேடிச் சென்று எழுதி வந்தவர். அவர் 1964 இல் ஹான்குக் நாளிதழில் சோங்கைப் பற்றியும் எழுதினார். டேக்கியோனின் நுட்பங்கள் பெயர் சொல்லி அச்சில் பதிவு செய்யப்பட்ட தொடக்க கால முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

டைக்குவாண்டோவுடன் உள்ள தொடர்பு

டைக்குவாண்டோ என்னும் பெயர் 1955 இல் தெரிவு செய்யப்பட்டது. டேக்கியோன் என்னும் சொல்லோடு அது ஒலியில் நெருங்கியிருப்பது தற்செயலானது அன்று. புதிய கலைக்குப் பழைய கொரிய வேர் ஒன்றைக் காட்டும் விருப்பம் அதில் இருந்தது. பிற்காலத்தில் வெளிவந்த பல நூல்கள், டைக்குவாண்டோ டேக்கியோனிலிருந்து நேரடியாகத் தோன்றியது என்று எழுதின.

ஆயினும் 1940களில் சியோலில் தோன்றிய தொடக்க காலப் பயிற்சிக் கூடங்களை நிறுவியவர்களுள் பலர் ஜப்பானில் கராத்தே கற்றவர்கள். டைக்குவாண்டோவின் அடிப்படை நிலைகளும் வரிசைப் பயிற்சிகளும் கராத்தேயை ஒட்டியே முதலில் அமைந்தன. எனவே டேக்கியோனிலிருந்து டைக்குவாண்டோ தோன்றியது என்னும் கருத்தை இன்றைய வரலாற்றாய்வாளர் பலர் ஏற்பதில்லை. சோங்கிடம் காணப்பட்ட டேக்கியோனில் தனியே செய்து காட்டும் வரிசைப் பயிற்சிகள் இல்லை. முட்டியால் குத்துவது முதன்மையான நுட்பம் இல்லை. நடை முழுவதும் வேறானது. இவ்வேறுபாட்டைக் கண்ணால் காணக்கூடிய சான்றாக வாழ்ந்தவர் சோங் என்பது அவரது வாழ்வின் மற்றொரு சிறப்பாகும். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டைக்குவாண்டோ முறையான பதக்கப் போட்டியாக இடம்பெற்று உலகெங்கும் பரவியது. அதன் பெயருக்கு ஒலி தந்த டேக்கியோனோ 1960களில் ஒரு முதியவரின் நினைவில் மட்டுமே ஒதுங்கியிருந்தது.

மாணவர்களும் ஷின் ஹன்-சுங்கும்

சோங்கிடம் பல்வேறு காலங்களில் பலர் கற்றனர். அவர்களுள் டேக்கியோனின் பிற்கால வரலாற்றை மிகவும் பாதித்தவர் ஷின் ஹன்-சுங் ஆவார். 1928 இல் பிறந்த இவர் முன்னாள் மல்யுத்த வீரர். சியோலுக்குத் தென்கிழக்கே உள்ள சுங்ஜு நகரில் வாழ்ந்தவர். 1970களில் சோங்கிடம் கற்றதோடு, டேக்கியோனைப் பார்த்தும் ஆடியும் இருந்த வேறு முதியவர்களையும் தேடிச் சென்று தகவல் திரட்டினார்.

ஆசானும் மாணவரும் கற்பித்த முறைகள் வேறுபட்டவை. சோங் தாம் கற்றவாறே கற்பித்தார். மாணவரை எதிரே நிறுத்தி, அவர் உடல் அமைப்புக்கும் அன்றைய தேவைக்கும் ஏற்ப ஒரு நுட்பத்தைக் காட்டி, அதனைத் தம்மீதே செய்து பார்க்கச் செய்வார். முதலில் இது, அடுத்து அது என்ற நிலையான பாடத்திட்டம் அவரிடம் இல்லை. ஒரே நுட்பத்தை இரு மாணவருக்கு இரு விதமாகக் காட்டுவதும் உண்டு. அருகருகே வாழும் ஆசானும் சில மாணவரும் உள்ள ஊரில் இம்முறை போதுமானது. ஆனால் ஆசான் ஒருவரே எஞ்சி, அவரும் எண்பது வயதைக் கடந்துவிட்ட நிலையில் இதனால் கலையைக் காக்க இயலுமா என்பது கேள்விக்குரியதாயிற்று.

ஷின் ஹன்-சுங் இதற்கு விடையாக நுட்பங்களைத் தொகுத்து வகைப்படுத்தினார். பயிற்சியைத் தனியே பழகுதல், இருவர் எதிரெதிரே நின்று பழகுதல், போட்டியிடுதல் என மூன்று படிகளாகப் பிரித்தார். கற்றவற்றை ஒழுங்காகச் செய்து காட்டும் வரிசைப் பயிற்சிகளையும் அமைத்தார். 1973 இல் சுங்ஜுவில் பயிற்சிக் கூடம் திறந்தார். டேக்கியோனை அரசு ஏற்க வேண்டும் என்று பல ஆண்டுகள் தொடர்ந்து முயன்றார்.

அரசின் ஏற்பு

தென்கொரியாவில் 1962 இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பொருள்வடிவம் இல்லாத கலைகளையும் கைத்திறன்களையும் இச்சட்டம் பண்பாட்டுச் சொத்தாக ஏற்றது. அக்கலையைத் தம்மிடம் கொண்டிருப்பவர் அதன் உரிமையாளர் என அறிவிக்கப்பட்டு அரசின் உதவித்தொகையைப் பெறுவார். பொதுமக்கள் இத்தகையோரை வாழும் பண்பாட்டுச் செல்வம் என்னும் பொருளில் அழைப்பர். இதற்கு ஈடாக அவர் மாணவர்களுக்குக் கற்பிக்கக் கடமைப்பட்டவர்.

இசை, நடனம், முகமூடி நாடகம், சடங்கு ஆகியவை இப்பட்டியலில் விரைவில் இடம்பெற்றன. டேக்கியோன் பற்றி யே யோங்-ஹே 1973 இல் அரசுக்கு அறிக்கை அளித்தபோதிலும் உடனடியாக ஏற்பு கிடைக்கவில்லை. 1983 ஜூன் 1 அன்று டேக்கியோன் 76 ஆம் எண் முக்கிய அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. தற்காப்புக் கலை ஒன்று இப்பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. சோங் தொக்-கியும் ஷின் ஹன்-சுங்கும் அதன் உரிமையாளர்களாக ஏற்கப்பட்டனர். சோங்குக்கு அப்போது வயது 90.

அதே 1983 இல் சோங்கின் மாணவர் பாக் ஜோங்-க்வான் டேக்கியோன் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். வெண்ணிறக் கொரிய உடையில் முதிய சோங் நுட்பங்களைச் செய்து காட்டும் ஒளிப்படங்கள் பிற்கால மாணவர்களுக்கு முக்கியமான மூலமாக விளங்குகின்றன. தொண்ணூறு வயதை நெருங்கியவரின் உதை இளைஞரின் உதை போல் உயரவில்லை. ஆயினும் எடை எந்தக் காலில் உள்ளது, கை எங்கே பிடிக்கிறது என்பவற்றை அப்படங்களில் காணலாம்.

மறைவு

1987 ஜூலை மாதத் தொடக்கத்தில் ஷின் ஹன்-சுங் 59 வயதில் காலமானார். அதே மாதத்தின் பிற்பகுதியில் சோங் தொக்-கியும் 94 ஆவது வயதில் காலமானார். டேக்கியோனின் உரிமையாளர்கள் என அரசு ஏற்றிருந்த இருவரும் ஒரே மாதத்தில் மறைந்ததால், அறிவிப்பு வெளியான நான்கே ஆண்டுகளில் அப்பொறுப்பு வெற்றிடமாயிற்று. கலையை எடுத்துச் செல்லும் பணி, முழுமையாகக் கற்க மிகக் குறைந்த காலமே கிடைத்த மாணவர்களிடம் வந்து சேர்ந்தது. ஷின் ஹன்-சுங்கின் மாணவரான ஜொங் கியோங்-ஹ்வா 1995 இல் அடுத்த உரிமையாளராக ஏற்கப்பட்டார்.

மறைவுக்குப் பின்

சோங்கின் மறைவுக்குப் பிறகு டேக்கியோன் ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகளாக வளர்ந்தது. அவற்றுள் முதன்மையானவை பின்வருமாறு:

சுங்ஜு மரபு – ஷின் ஹன்-சுங் வகுத்த பாடத்திட்டத்தைப் பின்பற்றுவது. அரசின் பண்பாட்டுச் சொத்து ஏற்பு இம்மரபின் வழியே தொடர்கிறது.
கொரிய டேக்கியோன் சங்கம் – சோங், ஷின் ஆகிய இருவரிடமும் கற்ற லீ யோங்-போக் 1991 இல் அமைத்தது. டேக்கியோனை நவீன விளையாட்டாகப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பரப்பியது.
கியொல்லியொன் டேக்கியோன் சங்கம் – சோங்கின் மாணவர் டோ கி-ஹியோன் தலைமையில் வளர்ந்தது. பழைய ஊர்க் குழுப் போட்டியை மீட்டெடுக்க முயன்றது. 2004 இல் சியோலின் இன்சாடோங் தெருவில் பொதுமக்கள் முன்னிலையில் குழுப் போட்டிகளைத் தொடங்கியது.
உத்டே டேக்கியோன் – சோங்கிடம் நீண்டகாலம் கற்ற சிலர், அவர் காட்டியதை மாற்றமின்றி அளிப்பதாகக் கூறி நடத்துவது. பிடிகளுக்கும் எறிதல்களுக்கும் பழைய முறைக்கும் கூடுதல் இடம் தருகிறது.

2011 நவம்பரில் இந்தோனேசியாவின் பாலித் தீவில் நடந்த யுனெசுக்கோ குழுக் கூட்டத்தில் டேக்கியோன் மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. டேக்வேடோ ஓவியத்தில் அதனருகே வரையப்பட்டிருந்த சிருயும் மல்யுத்தம், வட, தென் கொரியாக்களின் கூட்டு விண்ணப்பத்தின் பேரில் 2018 இல் இப்பட்டியலை அடைந்தது.

கருத்து வேறுபாடுகள்

சோங் கற்பித்த டேக்கியோன் எது என்பது பற்றிக் கிளைகளுக்கிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. பாடத்திட்டமும் வரிசைப் பயிற்சிகளும் சோங்கிடம் இருந்தவை அல்ல என்றும், அவை ஆட்டத்தின் இயல்பான தன்மையைக் குறைத்தன என்றும் ஒரு சாரார் கூறுகின்றனர். அத்தகைய ஒழுங்கு இல்லாதிருந்தால் அரசின் ஏற்பு கிடைத்திராது என்றும், சோங்கின் மறைவோடு கலையும் மறைந்திருக்கும் என்றும் மற்றொரு சாரார் கூறுகின்றனர். பும்பல்கியின் நடை எவ்வளவு நெளிய வேண்டும், கைப்பிடிகளுக்கு எவ்வளவு இடம் உண்டு என்பவற்றிலும் கிளைகள் வேறுபடுகின்றன.

இவ்வேறுபாடுகளுக்கு ஒரு காரணம் சோங்கின் கற்பித்தல் முறையிலேயே உள்ளது. அவர் மாணவருக்கு மாணவர் வேறுபடுத்திக் கற்பித்தார். ஒவ்வொருவரும் தாம் பெற்ற பகுதியை உண்மையாகவே பெற்றிருந்தனர். மற்றொரு காரணம் காலம். ஐம்பது வயதில் நூறு பேருக்குக் கற்பித்திருக்க வேண்டிய ஒருவர், எழுபது வயதைக் கடந்த பிறகே பெரும்பாலான மாணவர்களைப் பெற்றார். ஓர் ஊரும் அதன் எதிர் ஊரும் சேர்ந்து காத்து வந்த ஆட்டத்தை, அவ்விரு ஊர்களும் இல்லாத காலத்தில், ஒரு மனிதர் தம் நினைவிலும் தசையிலும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் காத்து வைத்திருந்தார். எந்தக் கிளை சரியானது என்பதில் உடன்படாதவர்களும், அவரிடமிருந்தே அனைத்தும் தொடங்கின என்பதில் உடன்படுகின்றனர்.